அப்பா என்ன செய்கிறார்?

செல்லூரில் தறிச் சத்தம் ஓயாத சந்து ஒன்றில் நான் குடியிருந்தேன். ஒரு நாள் எதிர்வீட்டுக்கு ஓர் இளைஞன் வாடகை அறை கேட்டு வந்தான். "தம்பி, அப்பா என்ன செய்கிறார்?" என்றார் வீட்டுக்காரர். பையன் பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அநாதை இல்லத்தில் வளர்ந்து, 18 வயது நிறைந்ததும் வெளியே வந்தவனாம். டீக்கடையில் பிறகு சொன்னார்கள்.

இந்தக் கேள்வி பழையது. 1930-இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர், சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. டாக்டரம்மாள் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே அடையாற்றில் ஔவை இல்லமாக வளர்ந்தது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947-இல்தான். அதுவரை அந்தப் பெண்கள் தெருவில் நிற்க முடியுமா?

இன்று சட்டத்துக்குக் குறைவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், அதன் கீழ் 2016-இல் வந்த விதிகளும், இல்லத்தை விட்டு வருவோருக்கு 21 வயது வரை ஆதரவளிக்க வழி செய்கின்றன. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடு, தொழில் பயிலும் காலத்தில் உதவித்தொகை எல்லாம் ஏட்டில் உண்டு. ஆனால், எந்தச் சட்டமும் வீட்டுக்காரரின் வாயிலிருந்து அந்தக் கேள்வியை எடுத்துவிடாது.

எதிர்வீட்டுக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? அன்று என் வீட்டு மாடியறையும் காலியாகத்தான் இருந்தது.