கண்கூசும் ஒளியை வெட்டுவதா, விட்டுவைப்பதா? – இயற்கை ஒளிப்படத்தில் பொலரைசர்

தாமரைக் குளமொன்றைப் படமெடுத்த எவருக்கும் இந்த ஏமாற்றம் தெரிந்திருக்கும். நேரில் பார்க்கும்போது இலைகள் கரும்பச்சை. படத்தில் அவை வெள்ளைத் தகரம்போல மினுங்கும். நீருக்கடியில் ஓடித்திரிந்த மீன்குஞ்சுகள் படத்தில் இருக்காது. அவற்றுக்குப் பதிலாக வானம் இருக்கும்.

நிறத்தையும் வெளிச்சத்தையும் பின்னர் கணினியில் திருத்தலாம். வானத்தைக் கருநீலமாக்கவும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் பளபளப்புக்குப் பின்னால் மறைந்துபோன இலையின் நரம்பையோ நீரடிக் கல்லையோ எந்த மென்பொருளும் உண்மையாக மீட்டுத் தராது. பதிவாகாத ஒன்றை அது ஊகித்து வரையவே முடியும். லென்ஸுக்கு முன்னால் பூட்டும் பில்டர்களில் பெரும்பாலானவை டிஜிட்டல் கமராவின் வருகையோடு வேலை இழந்துபோக, பொலரைசர் மட்டும் இன்றும் பையில் இடம்பிடித்திருப்பது இதனால்தான்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு முனைவாக்கம் என்ற பாடம் நினைவிருக்கும். சூரிய ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. நீர், கண்ணாடி, இலையின் மெழுகுப்படலம் போன்ற உலோகமல்லாத பரப்புகளில் பட்டுத் தெறிக்கும்போது, அந்தப் பரப்புக்குச் சமாந்தரமான அதிர்வே அதில் மேலோங்குகிறது. பொலரைசர் ஒரு திசை அதிர்வை மட்டும் உள்ளே விடும். அதன் வளையத்தைச் சுழற்றித் தெறித்த ஒளிக்குக் குறுக்காக நிறுத்தினால் பளபளப்பு வடிகட்டப்பட்டுவிடும். 1808 இல் பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் லூயி மாலூஸ், பாரிஸ் லக்சம்பேர்க் மாளிகையின் யன்னல்களில் தெறித்த சூரிய ஒளியை ஒரு கல்சைற் பளிங்கினூடாகப் பார்த்தபோதே இந்த இயல்பு தெரியவந்தது. அதன்பின் நீண்டகாலம் இதற்குப் பளிங்குகளையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. 1929 இல் அமெரிக்கரான எட்வின் லாண்ட் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மெல்லிய பொலரோயிட் தாள்தான் இதை ஒளிப்படக்காரரின் கைக்குக் கொண்டுவந்தது.

நீருக்கு முன்னால் எங்கே நிற்பது?

பொலரைசரை வாங்கிய பலர் ஒரு மாதத்தில் அதை மறந்துவிடுவதற்குக் காரணம், அது சில வேளைகளில் வேலை செய்கிறது, சில வேளைகளில் செய்வதில்லை என்பதுதான். இதில் மர்மம் எதுவும் இல்லை, எல்லாம் கோணம். தெறித்த ஒளி முழுமையாக முனைவாக்கப்படும் கோணத்தை 1815 இல் டேவிட் புரூஸ்டர் கணக்கிட்டார். நீரைப் பொறுத்தவரை அது செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை. நீர்மட்டத்திலிருந்து அளந்தால் 37 பாகை.

இதைக் குளக்கரையில் வைத்துப் பார்ப்போம். நீரோரமாக நின்று 1.5 மீற்றர் உயரத்தில் கமராவைப் பிடித்தால், உங்கள் காலிலிருந்து ஏறக்குறைய 2 மீற்றர் தூரத்திலுள்ள நீர்தான் மிகத் தெளிவாகத் திறக்கும். நீர்மட்டத்துக்கு மேல் 4 மீற்றர் உயரத்தில் குளக்கட்டில் நின்றால் அந்த இடம் 5 மீற்றருக்குச் சற்று அப்பால் போகும். இரண்டு பக்கமும் கொஞ்சத் தூரம் பயன் இருக்கும். அதற்கப்பால் குறைந்துகொண்டே போகும். நேர்கீழாகப் பார்த்தாலும் பயனில்லை, தொலைவில் நீர் கோடாகத் தெரியும் இடத்திலும் பெரிதாகப் பயனில்லை. மன்னார் வங்காலைக் களப்பில் தூரத்தில் நிற்கும் பூநாரைகளை நீண்ட லென்ஸால் எடுப்பவர் பொலரைசரைக் கழற்றிப் பையில் வைப்பதே நல்லது. இல்லாவிட்டால் ஒளியைத்தான் இழப்பார்.

அந்த இழப்பு சிறியதல்ல. பொலரைசர் ஒன்றிலிருந்து இரண்டு ஸ்ரொப் வரை ஒளியை விழுங்கும். இரண்டு ஸ்ரொப் என்றால் 1/500 செக்கனில் எடுத்த படத்தை 1/125 இல் எடுக்கவேண்டும். பறக்கும் பறவைக்கு அது போதாது. ஓடும் அருவிக்கோ அதுவே வரம்: துன்ஹிந்த போன்ற இடத்தில் ஈரப்பாறையின் மினுக்கமும் அடங்கும், ஷட்டரும் மெதுவாகி நீர் பட்டுத்துணிபோல வழியும்.

நிலாவெளிக்கு முன்னுள்ள புறாத்தீவில் ஆழம் குறைந்த முருகைக் கற்களைப் படகிலிருந்தோ கரைப்பாறையிலிருந்தோ எடுப்பவர்களுக்கு இந்தப் பில்டர் ஏறக்குறைய அவசியம். அங்கே இன்னொரு வேடிக்கையையும் கவனிக்கலாம். நீரின் மினுக்கம் மறைந்த பின்னும் சில வெள்ளி மீன்களின் மினுக்கம் மறையாது. சாளை, ஹெரிங் மீன்களின் தோலிலுள்ள பளிங்கு அடுக்குகள் ஒளியை முனைவாக்காமலே தெறிக்க விடுகின்றன என்பதை 2012 இல் பிரிஸ்ரல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினர். எதிரிக்குத் தப்ப மீன் தேடிக்கொண்ட உபாயம் அது.

வானமும் வெயிலும்

வானத்து ஒளியும் முனைவாக்கப்பட்டதே. சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பட்டியில் அது உச்சம். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, பெருவிரலை அதற்குச் செங்குத்தாக நிமிர்த்தி, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். பெருவிரல் காட்டும் இடமெல்லாம் அந்தப் பட்டி. வெளிநாட்டு நூல்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். நமது அகலக்கோட்டில் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

காலையில் சூரியன் கிழக்கே தாழ்வாக இருக்கும்போது இந்தப் பட்டி வடக்கிலிருந்து உச்சிக்கு ஏறித் தெற்கில் இறங்கும். அகலக் கோண லென்ஸுடன் வடக்கே பார்த்து எடுத்தால் வானத்தின் நடுவே கருநீலத் தூண் ஒன்று நிற்கும், இருபுறமும் வெளிறியிருக்கும். பார்க்க அவலட்சணமான படம். 28 மில்லிமீற்றருக்குக் குறைந்த லென்ஸ்களில் இதை எப்போதும் எதிர்பார்க்கலாம். அதே காலையில் வடக்கே பார்க்கும்போது வானத்து ஒளி செங்குத்தாகவும் நீரின் மினுக்கம் கிடையாகவும் அதிர்கின்றன. ஆகவே வானத்தைக் கருமையாக்கச் சுழற்றினால் நீர் மினுங்கும். நீரைத் திறந்தால் வானம் வெளிறும். இரண்டையும் ஒரே படத்தில் கேட்டால் கிடைக்காது. எது முக்கியம் என்பதை எடுப்பவர் முடிவுசெய்ய வேண்டும்.

நண்பகலில் நிலைமை மாறும். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் பிற்பகுதியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். அப்போது அந்தப் பட்டி அடிவானம் முழுவதையும் வளையமாகச் சுற்றிக் கிடக்கும். எந்தத் திசையில் திரும்பினாலும் அடிவானம் சீராகக் கறுக்கும். நீரும் அதே சுழற்சியில் திறக்கும். ‘உச்சி வெயிலில் படமெடுக்காதே’ என்ற அறிவுரை பனைமரங்களுக்கும் வெண்முகில்களுக்கும் எப்போதும் பொருந்தாது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் கரையோரத்தில் ஈரப்புகார் மிகுந்த நாட்களில் வானத்து முனைவாக்கம் மங்கிவிடும். முழு மூட்டமான வானத்தில் அது இல்லவே இல்லை.

மூட்டமான நாளில் பில்டரை வானத்துக்கல்ல, இலைகளுக்குப் பயன்படுத்துங்கள். சிங்கராஜா வனத்திலோ மலையகத் தேயிலை மலைகளிலோ மழை விட்ட கையோடு எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் இலையும் வெள்ளை வானத்தின் துண்டொன்றைத் தெறிக்க வைத்திருக்கும். அதை நீக்கியதும் உள்ளிருக்கும் பச்சை வெளிவரும். என்னைக் கேட்டால் பொலரைசரின் மிகச்சிறந்த பயன்பாடு இதுதான். நீலவானம் அதற்கு அடுத்தபடி.

விட்டுவைக்கும் கலை

வளையத்தை எப்போதும் உச்சம் வரை திருகுவது பழகுபவர்களின் வழக்கம். முழுவதும் வெட்டப்பட்ட நீர், நீராகத் தெரிவதில்லை. தாமரை இலை காற்றில் தொங்குவதுபோலத் தோன்றும். மழைத்துளி ஏறிய இலை, துளியின் மினுக்கம் போனால் ஈரம் காட்டாது. தவளையின் கண்ணிலுள்ள ஒளிப்பொட்டு சில கோணங்களில் மங்கிவிடும். அதோடு கண் உயிரற்றுப் போகும். பாதிச் சுழற்சியில் நிறுத்தி, நீருக்கடியையும் நீர்ப்பரப்பையும் சேர்த்துக் காட்டுவதே கடினமானதும் அழகானதும். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே கால் சுற்றுத்தான் இருக்கிறது. கண்ணை வியூபைண்டரில் வைத்து மெதுவாகத் திருகினால் அந்த இடம் தெரியும்.

மறுபக்கமும் திருகலாம். மினுக்கத்தைக் கூட்டுவதற்கும் இதே பில்டர் உதவும். மாலையில் பொன்னிறமாகும் தொண்டைமானாற்றில் பிரதிபலிப்புத்தானே படம்! வானவில்லின் ஒளியோ மிக வலுவாக முனைவாக்கப்பட்டது. ஒரு பக்கம் சுழற்றினால் வில்லின் உச்சி கரைந்துபோகும், மறுபக்கம் சுழற்றினால் பின்னணி மங்கி வில் எடுப்பாகும். கமராவை நெடுக்காகத் திருப்பும்போது பில்டரும் கூடவே திரும்பிவிடும் என்பதால் அமைப்பை மறுபடி சரிசெய்ய வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம்.

நாம் தொந்தரவாக நினைக்கும் இந்த மினுக்கம் சில உயிர்களுக்கு வழிகாட்டி. தேனீக்கள் வானத்து முனைவாக்கத்தைக் கொண்டு திசையறிவதை கார்ல் வொன் பிரிஷ் 1949 இல் காட்டினார். தும்பிகள் நீரைக் கண்டுபிடிப்பது கிடையாக அதிரும் தெறிப்பொளியால். மெருகிட்ட கறுப்புக் கல்லறைகளை நீரென நம்பி அவை மொய்ப்பதை ஹங்கேரியில் காபோர் ஹோர்வத் குழுவினர் பதிவுசெய்துள்ளனர்.

சாட்சியாகும் படம்

இயற்கை ஒளிப்படம் அழகுக்கு மட்டுமல்ல. நீரில் கிடக்கும் பொலித்தீனையும் கைவிடப்பட்ட வலையையும் வெளிறிய முருகைக் கற்களையும் காட்ட நினைப்பவருக்கு மினுக்கம் தடை, வெட்டலாம். ஆனால் எண்ணெய்ப் படலத்தை எடுக்கும்போது கதை நேர்மாறு. நீர்மேல் மிதக்கும் எண்ணெயின் வானவில் நிறங்கள் பரப்பில் தெறிக்கும் ஒளியிலிருந்தே பிறக்கின்றன. பொலரைசரை வழமைபோல உச்சத்துக்குத் திருகினால் எண்ணெயே இல்லாத தூய நீர்போலப் படம் வரக்கூடும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் பெரும் பிரச்சினையானதைக் கண்ட நமக்கு இது சின்ன விடயமல்ல. அப்படியான இடத்தில் பில்டரைக் கழற்றியும், இரண்டு பக்கமும் திருகியும் மூன்று படங்களாவது எடுத்து வையுங்கள். படக்குறிப்பில் பில்டர் பயன்பட்டதா என்பதையும் எழுதுங்கள்.

வாங்கும்போது

கடையில் ‘சி.பி.எல்.’ என்று கேட்டால் வட்ட வகைப் பொலரைசர் தருவார்கள். கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். கமராக்களின் தன்னியக்கக் குவிவும் ஒளியளவும் பழைய நேர்வகைப் பொலரைசரால் குழம்பும் என்பதால் இது உருவானது. மிரர்லெஸ் கமராவுக்குப் பொதுவாக இரண்டும் சரி. கையிலுள்ளது எந்த வகை என்றறிய, லென்ஸில் பூட்டும் பக்கத்தை முகம்பார்க்கும் கண்ணாடியை நோக்கிப் பிடித்து பில்டரூடாக அதன் விம்பத்தைப் பாருங்கள். விம்பத்திலுள்ள பில்டர் கறுத்தால் அது வட்ட வகை. உங்கள் லென்ஸ்களில் மிகப் பெரிய வாய்க்கு ஒன்றை வாங்கி, மற்றவற்றுக்கு அளவுமாற்று வளையங்களைப் பாவித்தால் செலவு மிச்சம். யுவி பில்டருக்கு மேல் அடுக்கிப் பூட்டவேண்டாம். படத்தின் மூலைகள் கறுக்கும்.

கைத்தொலைபேசி மட்டும் வைத்திருப்பவர்களும் முயன்று பார்க்கலாம். பொலரைஸ்ட் என்று விற்கப்படும் வெயில் கண்ணாடியைத் தொலைபேசியின் லென்ஸுக்கு முன்னால் பிடித்துச் சுழற்றினால் போதும். அது உண்மையில் பொலரைசரா என்று சந்தேகமானால் கணினித் திரையொன்றின் முன் பிடித்துச் சுற்றுங்கள். எந்தக் கோணத்திலும் திரை கறுக்கவில்லையென்றால் அது வெறும் நிறக் கண்ணாடிதான்.