விளைச்சல் கணக்கும் மண் மதிப்பீடும்

ஒரு நிலம் எவ்வளவு விளையும், எந்த அளவுக்குப் பொய்க்கும் என்பதை அறுவடைக் கணக்கைக் கொண்டு மதிப்பிடும் முறை. நிலவரிக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் இதுவே அடிப்படை.

சென்னை மாகாணத்தில், உழவர் நேரே அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரிப் பகுதிகளில் 1850களின் பிற்பகுதியில் தொடங்கிய நிலவரித் திட்டம் இம்முறையை விரிவாகக் கையாண்டது. மண் முதலில் வண்டல், கரிசல், செம்மண், மணல் என வகைப்படுத்தப்பட்டது. பின் களிப்பாங்கு, மணற்பாங்கு பார்த்து ரகம் பிரிக்கப்பட்டது. நஞ்சைக்கு நெல்லும் புஞ்சைக்குச் சோளம், கம்பு, கேழ்வரகு முதலியனவும் அளவுப் பயிர்கள். ஒவ்வொரு ரகத்திலும் அறுத்து அளந்த தானியம், பல ஆண்டுகளின் சராசரி விலையில் பணமாக்கப்பட்டது. அதில் சாகுபடிச் செலவு கழிந்தது; மழை பொய்க்கும் ஆண்டுகளுக்காகவும் ஒரு பங்கு கழிந்தது. எஞ்சியதில் பாதிக்கு மேல் அரசு கேட்கக்கூடாது என்று 1864இல் வரம்பு கட்டப்பட்டது. மழைக்கென விட்ட அந்தப் பங்குதான் விளைச்சல் இடருக்கு அரசு எழுதிய கணக்கு எனலாம். அது எவ்வளவு சொற்பம் என்பதை 1876–78 பஞ்சம் காட்டிவிட்டது. கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் ‘மண் வயனமும் ரகமும்’, ‘மண் தரம்’ என்று காணும் கலங்கள் இத்திட்டத்தின் வழிவந்தவை.

எந்த வயலை அறுப்பது என்பதை அதிகாரியின் கண்மதிப்பிலிருந்து விடுவித்தவர் ஐ.சி.எஸ். அதிகாரி ஹப்பக். 1920களில் பீகார்–ஒரிசாவில் நெல் வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தார். புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்தில் சிறு துண்டுகளை அறுத்துக் கணக்கிட்டார். மற்றொரு புள்ளியியலாளரான சுகாத்மே பெருந்துண்டே வேண்டும் என்றார். துண்டு சிறுத்தால் எல்லையோரப் பயிரும் உள்ளே சேர்ந்து மகசூல் கூடித் தெரியும் என்பது அவர் வாதம். இன்று நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, கயிறு கட்டி அறுத்து, கதிரடித்து, பதர் தூற்றி எடை போடுகிறார்கள். 12 கிலோ தேறினால் எக்டேருக்கு 4,800 கிலோ. தராசில் அரை கிலோ பிசகினால் எக்டேருக்கு 200 கிலோ மாறிவிடும்.

2016 முதல் நடப்பிலுள்ள பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முந்தைய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை ஈட்டளவால் (இழப்பீட்டு விகிதத்தால்) பெருக்கி உத்தரவாத மகசூல் நிர்ணயிக்கப்படுகிறது. செயற்கைக்கோள் மதிப்பீடும் அண்மையில் சேர்ந்துள்ளது. மகசூல் குறைவுக்கான இழப்பீடு, காப்பீட்டு அலகாகக் கொண்ட பகுதியின் சராசரி மகசூலைப் பார்த்தே கிடைப்பதால், தன் ஊரில் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளில் விவசாயி களத்தில் நின்று எடையைப் பார்ப்பது அவசியம்.