புளியின் இலத்தீன் பெயரும் கைரவானின் வைத்தியரும்

புளிய மரத்துக்குத் தாவரவியலாளர் இட்டிருக்கும் பெயர் 'டமரிண்டஸ் இண்டிகா'. சுவீடனின் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலோடு இப்பெயர் நிலைத்துவிட்டது. முதற்சொல்லைக் கொஞ்சம் உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது அறபு: 'தம்ர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சம்பழம். அதன் பின்னால் 'இண்டிகா'வும் வந்து ஒட்டிக்கொண்டதால், ஒரே நாட்டை இரண்டு தரம் சொல்லுகிற பெயராக அது ஆகிவிட்டது. ஆனால் இச்சொல்லை இலத்தீனுக்குள் கொண்டுவந்தவர் லின்னேயஸ் அல்லர். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியே தென் இத்தாலியின் வைத்தியர்கள் அதை எழுதிப் பழகிவிட்டார்கள். அது போன வழியைத் தேடிப் போனால், தான் மொழிபெயர்த்த நூல்களில் மூல ஆசிரியரின் பெயரை எழுதாமல் விட்ட ஒரு மனிதரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த மனிதருக்கு முன் இலத்தீனில் மூலிகை நூல்களே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. 9ஆம் நூற்றாண்டில் ரைகனவ் மடத்துத் துறவி வலாஃப்ரிட் ஸ்ட்ராபோ தன் தோட்டத்துச் செடிகளைப் பற்றி ஒரு கவிதை நூல் செய்தார். 11ஆம் நூற்றாண்டில் 'மாசர் ஃபுளோரிடஸ்' என்ற பெயரில் 77 மூலிகைகளின் குணங்களைப் பாட்டாகச் சொல்லும் நூல் வந்தது. பிரான்சின் மூங் ஊரைச் சேர்ந்த ஓடோ அதை எழுதியதாகக் கொள்கிறார்கள். பாட்டாக இருந்தால் மனனம் இலகு. எங்கட வாகடங்களும் அப்படித்தானே செய்யுளில் கிடக்கின்றன. ஆனால் இந்த நூல்களில் பெரும்பகுதி மடத்துத் தோட்டத்தில் முளைக்கிற சரக்குத்தான். கடுக்காய், நெல்லி, புளி போன்ற கடல் கடந்த சரக்குகளைப் பற்றி விரிவாகச் சொல்ல அவர்களுக்கு வேறு கிதாபுகள் தேவைப்பட்டன.

அவற்றைக் கொண்டு போனவர் 'ஆபிரிக்கக் கொன்ஸ்தந்தீன்'. இன்றைய துனீசியாப் பக்கத்து ஆள். 11ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சலேர்னோவுக்கு வந்து, பிறகு மொன்டே கசினோ மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். அவர் வியாபாரியாக இருந்தவர் என்று ஒரு பழைய குறிப்புச் சொல்கிறது. மடத்துக்குள் இருந்துகொண்டு இருபதுக்கும் மேற்பட்ட மருத்துவ நூல்களை அறபியிலிருந்து இலத்தீனில் ஆக்கினார்.

அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். 'பன்தெக்னி' என்பது அலீ இப்னு அப்பாஸ் அல்மஜூஸி 10ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் மலிகீ'. 'வியாதிகும்' என்பது கைரவான் வைத்தியர் இப்னுல் ஜஸ்ஸாரின் 'ஸாதுல் முஸாபிர்', பயணியின் கட்டுச்சோறு. மூன்றாவதான 'டி கிரடிபுஸ்', அதாவது 'படித்தரங்கள்', அதே இப்னுல் ஜஸ்ஸாரின் 'கிதாபுல் இஃதிமாத்' என்ற தனிமருந்து நூல். ஒவ்வொரு சரக்கும் சூடா குளிரா, ஈரமா வரட்சியா, அதுவும் எத்தனையாவது படியில் என்று நான்கு படிகளாகப் பிரித்து அந்நூல் சொல்லும். படித்தரக் கருத்தின் வேர் கிரேக்க வைத்தியர் கேலனிடம் இருக்கிறது. அதைச் சரக்குச் சரக்காகப் பிரயோகித்து வைத்தியர் கையில் தூக்கிக் கொடுத்தவர்கள் அறபியில் எழுதியவர்கள். 'இது சூடு, அது குளிர்மை' என்று யூனானி வைத்தியர் இன்றைக்கும் சொல்லும் பேச்சின் பழைய வீடும் அதுதான்.

கொன்ஸ்தந்தீனின் இந்த மூன்று நூல்களிலும் மஜூஸியின் பெயரோ இப்னுல் ஜஸ்ஸாரின் பெயரோ இல்லை. 'பன்தெக்னி'யை மடாதிபதி டெசிடேரியசுக்குச் சமர்ப்பித்தவர், தன்னைப் பலரது நூல்களிலிருந்து ஒன்றுசேர்த்தவராகக் காட்டிக்கொண்டார். 'வியாதிகும்' முன்னுரையில்தான் வேடிக்கை இருக்கிறது. பிறர் உழைப்பு கைக்கு வந்ததும் திருட்டுத்தனமாகத் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்களாம். அதனால் தன் பெயரை இங்கே எழுதி வைக்கிறாராம். எழுதியது யாருடைய நூலில்? கைரவான்காரருடைய நூலில்!

இதைக் கண்டுபிடிக்க அதிக காலம் செல்லவில்லை. 1127இல் அந்தியோக்கியாவில் இருந்த ஸ்டீபன் என்பவர் மஜூஸியின் அதே நூலைப் புதிதாக மொழிபெயர்த்தார். ஆசிரியரின் பெயரை மறைத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டதாக முந்திய மொழிபெயர்ப்பாளர்மீது நேரடியாகக் குற்றஞ்சாட்டினார். 'இஃதிமாத்' நூலையும் 1233இல் சரகோசாவின் ஸ்டீபன் என்ற இன்னொருவர் திரும்ப மொழிபெயர்த்து 'நம்பிக்கை நூல்' என்று தலைப்பிட்டார். 'இஃதிமாத்' என்ற சொல்லின் பொருளே அதுதான்.

கொன்ஸ்தந்தீனைக் கள்வர் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. எனக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை. கைரவானில் வாழ்ந்த யூத வைத்தியர் இஸ்ஹாக் அல்இஸ்ராஈலியின் நூல்களை மொழிபெயர்த்தபோது அவருடைய பெயரை இவர் விட்டுவைத்தார். ஆக, பெயர் சொல்லத் தெரியாதவர் அல்லர். யாரைச் சொல்வது, யாரை விடுவது என்று தெரிவு செய்திருக்கிறார். கிறிஸ்தவ மடமொன்றில் முஸ்லிம் வைத்தியரின் பெயர் நூலின் மதிப்பைக் குறைக்கும் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும் என்பது என் ஊகம். இந்த இடத்தில் எங்கட பக்கத்தாரும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'எல்லாம் நம்மவர் கொடுத்தது' என்று மீலாத் மேடையில் முழங்குகிறோம். 'மஜூஸி' என்ற பெயரே அவருடைய மூதாதையர் நெருப்பு வணங்கிகள் என்று காட்டுகிறது. கிரேக்க நூல்களை அறபியாக்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறிஸ்தவர். இவர்கள் எழுதியதில் பெரும்பங்கு டயஸ்கோரிடீஸிடமும் கேலனிடமும் பெற்றது. ஆனால் பெற்றதைப் பெற்றதாகச் சொன்னார்கள். மஜூஸி தன் முன்னுரையில் ஹிப்போக்ரடீஸ் தொடக்கம் அர்ராஸி வரை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, அவரவர் நூலில் என்ன குறை என்றும் எழுதுகிறார். வித்தியாசம் அங்கேதான்.

கொன்ஸ்தந்தீன் கொண்டு வந்ததை வைத்து 12ஆம் நூற்றாண்டில் சலேர்னோக்காரர் செய்த பெரிய வேலை 'சிர்கா இன்ஸ்டன்ஸ்'. நூலின் தொடக்கச் சொற்களே தலைப்பாகிவிட்டன. மத்தேயஸ் பிளட்டேரியஸ் எழுதியதாகச் சொல்வார்கள். 250க்கும் மேற்பட்ட சரக்குகள், அகர வரிசை, ஒவ்வொன்றுக்கும் படித்தரம். கலப்படத்தை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு காலம் கெடாமல் வைத்திருக்கலாம் என்பதும் உண்டு. மருந்துக் கடைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்நூல் பிரெஞ்சில் போய், அங்கிருந்து 1526இல் ஆங்கிலத்தில் அச்சான 'கிரேட் ஹெர்பால்' நூலுக்கு அடித்தளமானது.

பெயர்க் குழப்பங்களும் கூடவே வளர்ந்தன. 'தம்ர்' பேரீச்சம்பழம் என்றபடியால், புளியும் ஏதோ ஒரு பேரீச்சை வகைதான் என்று பல இலத்தீன் வைத்தியர்கள் எண்ணினார்கள். கிரேக்கம், அறபு, இலத்தீன் மூன்றிலும் ஒரே செடிக்கு வெவ்வேறு பெயர். தவறான சரக்கைக் கொடுத்தால் நோயாளியின் உயிர் போய்விடும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெனோவாவின் சைமன் 'கிளாவிஸ் சனத்தியோனிஸ்' என்ற பெரிய அகராதியைச் செய்தது இதற்காகத்தான். 'செராபியோன்' பெயரில் வழங்கிய தனிமருந்து நூலொன்றை இலத்தீனாக்குவதிலும் சைமனுக்குப் பங்குண்டு. அது உண்மையில் தொலைதோவின் இப்னு வாபிதுடைய நூல் என்பது 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிறுவப்பட்டது. எழுநூறு வருடம் வேறொருவர் பெயரில் இருந்திருக்கிறது!

15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காற்று மாறியது. கிரேக்க மூலங்களை நேரே வாசிக்கத் தொடங்கிய அறிஞர்களுக்கு அறபு வழி வந்ததெல்லாம் அழுக்காகத் தெரிந்தது. லியோனிசேனோ 1492இல் பிளினியின் தாவரப் பிழைகளைப் பட்டியலிட்ட கையோடு இப்னு ஸீனாவையும் விடவில்லை. லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1530இல் பிற்கால வைத்தியர்களின் பிழைகள் என்று ஒரு நூலே எழுதினார். முதலில் பெயரை மறைத்தார்கள். பிறகு பெயரைச் சொன்னார்கள், பழி போடுவதற்கு. இத்தனைக்கும் இப்னு ஸீனாவின் 'கானூன்' 17ஆம் நூற்றாண்டிலும் இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாகத்தான் இருந்தது.

இந்தச் சண்டையில் சரக்கு விளைகிற மண்ணிலேயே இருந்து எழுதியவர் கார்சியா ட ஓர்ட்டா. போர்த்துக்கேய வைத்தியர், 1563இல் கோவாவில் தன் நூலை அச்சிட்டார். அறபு ஆசிரியர்களை மதித்தும் திருத்தியும் எழுதிய அவர், தமரிண்டியை மலபாரில் 'புளி' என்பார்கள் என்று குறித்திருக்கிறார். எங்கட வாயில் வழங்கும் சொல் ஐரோப்பிய மருந்து நூலொன்றில் அச்சேறி நிற்பதைப் பார்க்க ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது. அடுத்த நூற்றாண்டில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த போல் ஹெர்மன் இங்குள்ள செடிகளைச் சேகரித்தார். அச்சேகரிப்பை வைத்தே லின்னேயஸ் 1747இல் 'ஃபுளோரா ஸெய்லனிக்கா'வை எழுதினார்.

கடைசியாகத் திரிபலை. நெல்லியின் வடமொழிப் பெயர் ஆமலகம். அது அறபியில் 'அம்லஜ்', இலத்தீனில் 'எம்பிளிகா'. தான்றிக்காய் பாரசீகத்தில் 'பலீல', அறபியில் 'பலீலஜ்', இலத்தீனில் 'பெல்லிரிகா'. கடுக்காயின் 'செபூலா' காபூலின் பெயரிலிருந்து வந்தது. இம்மூன்றும் இன்றைக்கும் அந்தந்த மரங்களின் தாவரவியற் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்றையும் சேர்த்த திரிபலை அறபியில் 'இத்ரீபல்' ஆனது. சலேர்னோ மருந்து நூல்களில் கடுக்காய் வகைகள் சேர்ந்த ஒரு லேகியத்துக்குப் பெயர் 'திரிபெரா சரசெனிகா', அதாவது 'முஸ்லிம்களின் திரிபெரா'. அந்த 'இத்ரீபல்' யூனானியோடு இந்தியாவுக்குத் திரும்பி வந்து, அதே அறபுப் பெயரோடு யூனானி மருந்துக் கடைகளில் இன்னும் விற்பனையாகிறது.