ஒரு கையெழுத்து பிறந்த கதை

புதுச்சேரியின் கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. மேல்முறையீட்டுக்கு மட்டும் அந்த எல்லை கிடையாது. புதுச்சேரியில் செஷன்ஸ் கோர்ட் தண்டித்தவர், 1962-லிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போயாக வேண்டும். ஆள் காலாப்பட்டு மத்தியச் சிறைக்குள், போவது காகிதம். கெடு பெரும்பாலும் 60 நாள், தூக்குத் தண்டனை என்றால் 30.

தீர்ப்பு நகல் சிறை வழியாக வந்தால், அதைக் கொடுக்கும்போது கைதியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த வழக்கத்துக்குப் பிறந்த தேதி உண்டு: 1978 ஆகஸ்ட் 17.

ஹோஸ்கோட் என்ற ஆசிரியர்மீது, பல்கலைக்கழகப் பட்டத்தைப் போலியாகத் தயாரிக்க முயன்றதாக வழக்கு. செஷன்ஸ் நீதிபதி, கோர்ட் கலையும்வரை காவல் என்று விட்டுவிட்டார். 1973-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை மூன்றாண்டாக உயர்த்தியது. உச்ச நீதிமன்றத்துக்கு அவருடைய மனு வர நாலு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் தண்டனையே தீர்ந்துபோனது. ஏன் தாமதம்? நகல் கைக்கு வரவில்லை என்றார் அவர். கொடுத்தோம், கருணை மனுவோடு வைக்கத் திரும்ப வாங்கிக்கொண்டோம் என்றது சிறை. கையெழுத்து எங்கே என்றால், இல்லை.

அந்த ஆகஸ்ட் 17-ல் தீர்ப்பை எழுதியவர் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துக்காரர். 1948-ல் தாமே சிறையில் இருந்தவர். 1957-ல் கேரளத்தின் சிறைத் துறை அமைச்சர். ஜெயில் ஆபீஸ் அவருக்குப் புதிதா என்ன? நகலை இலவசமாக, உடனே தர வேண்டும். எழுத்தில் ஒப்புகை பெற வேண்டும். அலட்சியமோ வன்மமோ, நகலை நிறுத்திவைக்கும் ஜெயிலர் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவையே மீறுகிறார் என்று எழுதினார். ஹோஸ்கோட்டின் மனு என்னவோ தள்ளுபடிதான்.

ஜாமீன் உத்தரவுக்கும் இதே கதிதான். 2021-ல் ஆக்ரா கைதிகள் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் கிடந்தார்கள். உத்தரவைக் கொண்டுபோக இன்னும் புறாவையா எதிர்பார்ப்பது என்று உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி ரமணா கடிந்துகொண்டார். 2022 மார்ச் 31-ல் ‘ஃபாஸ்டர்’ என்ற மின்னஞ்சல் ஏற்பாடு வந்தது.

இந்த வேகமெல்லாம் கோர்ட்டிலிருந்து சிறைக்கு வரும் காகிதத்துக்கு. உள்ளே இருப்பவர் எழுதிக் கொடுக்கும் ஜெயில் அப்பீலைக் கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்கிறது சட்டத்தின் ஒரு பிரிவு. எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவில் இல்லை. நகலுக்குக் கைதியிடம் கையெழுத்து வாங்குகிற அதே மேஜையில், மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதி போட்டு அதிகாரியும் ஒரு கையெழுத்துப் போட்டுக் கைதியிடம் கொடுக்கலாமே.