தாசில்தாரிடமிருந்து வாங்கிய லத்தி

கீரனூர்ல இருந்து நம்ம நேயர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "அண்ணே, ஸ்டேஷன்ல அடிச்சு ஒத்துக்க வெச்சுட்டா, அது கோர்ட்டுல செல்லுமா?" அவ்வளவுதான் கேள்வி. பதிலும் ஒரே வார்த்தைதான்: செல்லாது. ஆனா செல்லாதுன்னு சட்டம் எப்போ சொன்னது, ஏன் சொன்னது, சொன்ன பிறகும் அடி ஏன் நிற்கவில்லை? இன்றைய பகுதி அதைப் பற்றித்தான்.

1850கள். கீரனூர், பழனி, திண்டுக்கல் எல்லாமே அன்றைய மதுரை ஜில்லாவுக்குள் இருந்த ஊர்கள். கம்பெனி ஆட்சி. நிலவரியை வசூல் பண்ணுவது தாசில்தார். திருட்டு நடந்தால் விசாரிப்பதும் அதே தாசில்தார். 1816ல் வந்த 11வது ஒழுங்குமுறைச் சட்டம் போலீஸ் வேலையையும் அவர் கையிலேயே கொடுத்திருந்தது. மேலே கலெக்டர், அவரேதான் மாஜிஸ்ட்ரேட். வரி கட்டலைன்னா அடிக்கிறதும், அடிச்சாங்கன்னு போய்ச் சொன்னா கேட்கிறதும் ஒரே கச்சேரி. இதுல நியாயம் எங்கே கிடைக்கும், நீங்களே சொல்லுங்க.

அந்தக் காலத்து அடிக்குத் தனித்தனிப் பேர்களே உண்டு. விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிப்பது கிட்டி. ஆளைக் குனிய வைத்து, உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் விடுவது அண்ணாந்தாள். இந்தத் தமிழ்ச் சொற்கள் அப்படியே ஆங்கில அரசாங்க அறிக்கையில் ஏறின.

எப்படி ஏறின? சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற வணிகர் இருந்தார். மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷனை நடத்தியவர். டான்பி சீமோர் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் இங்கே வந்தபோது, குடியானவர்கள் படும் பாட்டை நேரில் காட்டினார். விஷயம் லண்டன் போனது. 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விவாதம். அதே வருடம் சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூன்று பேர் கொண்ட கமிஷன் அமைக்கப்பட்டது. சித்திரவதை கமிஷன் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

கமிஷனுக்கு வந்த புகார்கள் 1,959. நேரில் வந்து சொன்னவர்களும் நூற்றுக்கணக்கில் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து ஓடியது 1856ல்தான். அதாவது, தூரத்து ஜில்லாக்காரர்கள் நடந்தோ மாட்டுவண்டியிலோ சென்னைக்கு வந்திருக்க வேண்டும். உள்ளூர்க் கச்சேரியில் நியாயம் கிடைக்கும்னு நம்பிக்கை இருந்தா, ஒருத்தன் வயக்காட்டை விட்டுட்டு இவ்வளவு தூரம் கிளம்புவானா?

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. வரி வசூலிக்கவும் சித்திரவதை நடக்கிறது, குற்றத்தை ஒத்துக்கொள்ள வைக்கவும் நடக்கிறது என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. 1857ல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்து வைத்து எழுதினார். ஒன்றையும் கவனிக்கணும்: பழியைப் பெரும்பாலும் கீழ்மட்ட இந்தியச் சிப்பந்திகள் தலையில் போட்டுவிட்டு, அவ்வளவு வரி கேட்ட துரைமார்களை அறிக்கை காப்பாற்றிவிட்டது. மார்க்ஸ் பிடித்த இடமும் அதுதான்.

ஆனாலும் அதன்பின் இரண்டு மாற்றங்கள் வந்தன. 1859ல் 24வது சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் துறை வந்தது. தாசில்தார் கையிலிருந்த லத்தி போலீசின் கைக்குப் போனது. அடுத்து, 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுக்கக் கூடாது என்றது. 1872 சாட்சியச் சட்டத்தில் அது 25வது பிரிவானது. இன்று நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தில் 23வது பிரிவு. எண் மாறியிருக்கிறது, விதி மாறவில்லை. ஆக, போலீஸ் அடிக்கும் என்று பயந்து எழுதின விதி இது. எழுதினது வெள்ளைக்கார அரசாங்கமே.

சரி, பிறகு ஏன் அடி நிற்கவில்லை? அதே 1872 சட்டத்தில் 27வது பிரிவு என்று ஒரு பக்கவாசல் வைத்தார்கள். "நான்தான் குத்தினேன்" என்று சொன்னால் செல்லாது. "கத்தியை இன்ன இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லி, போய்ப் பார்த்துக் கத்தி கிடைத்தால், அந்த அளவுக்கு மட்டும் செல்லும். இந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதை 1946ல் புலுகூரி கோட்டய்யா வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் அளந்து சொன்னது. அதுவும் நம்ம மாகாணத்து வழக்குதான், குண்டூர் பக்கம். "நான் குத்திய கத்தி" என்று சொல்லியிருந்தால், "நான் குத்திய" என்ற பகுதியை வெட்டிவிடணும். கத்தி இருந்த இடம் அவருக்குத் தெரியும் என்பது மட்டும்தான் மிஞ்சும்.

நல்ல விதிதான். ஆனால் பொருளைக் கைப்பற்றினால் வழக்கு நிற்கும் என்றால், அந்தப் பொருள் இருக்கும் இடத்தைச் சொல்ல வைக்க என்ன செய்வார்கள்? அடியின் நோக்கம் "ஒத்துக்கோ" என்பதிலிருந்து "எங்கே வெச்சிருக்கே" என்பதற்கு மாறியது. அடி மாறவில்லை.

இப்போது 2020 ஜூனுக்கு வருவோம். சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனில் வைத்தார்கள். இங்கே கைப்பற்ற ஒரு பொருள்கூடக் கிடையாது. ரிமாண்டாகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன இரண்டு பேரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட், அங்கே தனக்கு ஒத்துழைப்பு இல்லை என்று நீதிமன்றத்துக்கு எழுதினார். கண்காணிப்பு கேமராவின் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. தடயம் கலையக் கூடாது என்பதற்காக நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? அந்த போலீஸ் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது.

கொஞ்சம் நின்று யோசிங்க. தாசில்தாரை நம்ப முடியாது என்று போலீசை உண்டாக்கினார்கள். 160 வருடம் கழித்து, போலீசை நம்ப முடியாமல் ஸ்டேஷனுக்கு வருவாய்த் துறையைக் காவல் வைத்தார்கள். இதனால தாசில்தார் நல்லவர், போலீஸ் கெட்டவர்னு அர்த்தம் இல்லை. யார் கையில் ஆள் இருக்கிறாரோ, அவரையே நீதிபதியாகவும் சாட்சியாகவும் விட்டால், உடுப்பு எதுவானாலும் நடப்பது ஒன்றுதான். அன்று உண்மை வெளியே வந்தது, ஒரு மாஜிஸ்ட்ரேட் நேரில் போய்க் கேட்டதாலும், அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயத்தை மீறி வாய் திறந்ததாலும்தான்.

அதனால் கீரனூர் நேயருக்கு என் முழுப் பதில் இதுதான். ஸ்டேஷனில் சொன்னது செல்லாது. ஆனால் அந்த விதிக்கு உயிர் வருவது 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில். "உன்னை யாராவது அடிச்சாங்களா?" என்று அவர் கேட்கணும். நிமிர்ந்து பார்த்துக் கேட்கணும். கேட்காவிட்டாலும் நீங்க சொல்லணும், காயத்தைக் காட்டணும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், இலவசச் சட்ட உதவி கேட்பது உங்கள் உரிமை. 1855ல் சென்னை வரைக்கும் போய்ச் சொன்னவர்களுக்கு அந்தச் சில நிமிடம் உள்ளூரில் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது, அதை வீணாக்க வேண்டாம்.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.