அம்பாசிடர் கார்: பழுதறிதலும் வீட்டுப் பராமரிப்பும்

அம்பாசிடர், மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதி தொடங்கி 2014 மே வரை தயாரித்த கார். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையே இதன் மூல வடிவம். அமைச்சரும் டாக்ஸி ஓட்டுநரும் ஒரே மாடல் காரில் போய்வந்த காலம் ஒன்று இந்தியாவில் இருந்தது. அது இந்தக் காரின் காலம். இன்றைய கார்களில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்வதற்கே சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர் வேண்டும். பழைய அம்பாசிடருக்கு ஒரு ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை போதும். பெரும்பாலான கோளாறுகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இக்கட்டுரை 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட மாடல்களைப் பற்றியது. பின்னர் வந்த டீசல் அம்பாசிடருக்கும், 1990களில் சேர்ந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் மாடலுக்கும் பழுதறியும் வழி வேறு.

எஞ்சின்

பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது இந்த எஞ்சின். நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், புஷ்ராடால் இயங்கும் எட்டு வால்வுகள். 1955இல் வெளிவந்த எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இதே 1,489 சி.சி. எஞ்சின்தான், இரட்டை கார்புரேட்டருடன் இருந்தது. சாதுவான சர்க்கார் வண்டிக்கு இப்படி ஒரு பந்தயக்கார உறவினர் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதில் லாபமும் உண்டு. எம்ஜி கார்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஆர்வலர்களுக்காக இங்கிலாந்தில் ‘பி’ வரிசை பாகங்கள் இன்றும் தயாராகின்றன. உள்ளூரில் தேடுவோர் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை, கொல்கத்தா மல்லிக் பஜார் கடைகளில்தான் தொடங்குவார்கள்.

ஸ்டார்ட் ஆகாத கார்

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று விஷயங்கள் வேண்டும்: காற்றோடு சரியான அளவில் கலந்த பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி, போதிய கம்ப்ரஷன். இந்த மூன்றில் எது இல்லை என்று தெரியாமல் காயில், கண்டென்சர், பெட்ரோல் பம்பு என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவது பழைய கார் வைத்திருப்பவர்களின் பணத்தைத் தின்னும் பெரிய பழக்கம். அதைவிட மோசம், நன்றாக இருந்த பழைய பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரம் குறைந்த புதியதை மாட்டுவது. இந்தக் காருக்குக் கிடைக்கும் கண்டென்சர்களிலும் ரோட்டர்களிலும் இது அடிக்கடி நடக்கிறது.

முதலில் ஸ்டார்ட்டர். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட்டரை இயக்க வேண்டும். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரியோ டெர்மினலோ காரணம். வெளிச்சம் அப்படியே இருந்து மோட்டார் மட்டும் அசையவில்லையென்றால் சுவிட்ச், வயர், மோட்டார் ஆகியவற்றைப் பார்க்கலாம். நல்ல 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கீழே போனால் அது காலி.

பேட்டரி நன்றாக இருந்தும் எஞ்சின் சோம்பிச் சுற்றினால், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகள் மேல் உட்கார்ந்திருப்பதால் மின்சாரம் திரும்ப இந்தப் பட்டை ஒன்றுதான் நல்ல வழி. அது துருப்பிடித்தாலோ அறுந்தாலோ ஸ்டார்ட்டருக்கான கரண்ட் முழுவதும் சோக் கேபிள் வழியாகவும் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் திரும்பப் பார்க்கும். சோக் கேபிள் தொட முடியாத அளவு சூடாகிப் புகைவதைக் கண்டு கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. பிழை இருந்தது நாலு அங்குலப் பின்னல் பட்டையில்.

அடுத்தது தீப்பொறி. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி இன்சுலேட்டட் பிளையரால் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்ல வேண்டும். பெட்ரோல் சிந்திய இடத்திலும், திறந்த பிளக் துளைக்குப் பக்கத்திலும் இதைச் செய்யக் கூடாது. ‘டப் டப்’ என்று நீலமாகப் பொறி அடித்தால் சரி. மஞ்சளாக, நூல்போல் அடித்தாலோ அடிக்கவே இல்லையென்றாலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்க வேண்டியதுதான்.

உள்ளே இருக்கும் பாயிண்ட்தான் இந்தக் காரின் பாதித் தொல்லைகளுக்கு மூலம். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்காக உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் முறை இது. அரை நூற்றாண்டு கழித்து வந்த அம்பாசிடரிலும் அடிப்படை மாறவில்லை. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடுகிறது. திறக்கும் கணத்தில் அது அறுந்து, ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்குக்குப் போகிறது. பாயிண்ட்டின் ஃபைபர் குதி கேம் மேல் உரசி உரசித் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்வாங்கும், கார் மேடு ஏறத் திணறும், எஞ்சின் சூடாகும். ரேடியேட்டரைக் குறை சொல்வதற்கு முன் பாயிண்ட்டைப் பார்ப்பது நல்லது.

குதி கேமின் உச்சியில் நிற்கும்படி எஞ்சினைத் திருப்பி வைத்து, 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ., ஃபீலர் கேஜ் லேசாக உரசிப் போகும்படி இடைவெளி வைக்க வேண்டும். பிளக்குக்கு 0.025 அங்குலம். பாயிண்ட்டின் முகம் கருகியிருந்தால் சன்ன அரத்தால் ஒரு தேய்ப்பு, பிறகு சுத்தமான விசிட்டிங் கார்டை இடையில் விட்டு இழுத்துத் துடைப்பு. எமரி காகிதம் வேண்டாம். அதன் துகள் பாயிண்ட்டில் பதிந்துவிடும். புதிய பாயிண்ட் போட்டும் சீக்கிரமே கருகினால் கண்டென்சர் போயிருக்கிறது. மூடியைக் கழற்றும்போது வயர்களின் வரிசையைக் குறித்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. மழை நாளில் மட்டும் மக்கர் செய்யும் காருக்கு மூடியின் உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடைப்பதே பெரும்பாலும் போதுமான மருந்து.

பெட்ரோலும் கார்புரேட்டரும்

தீப்பொறி இருக்கிறது, கார் ஓடவில்லை என்றால் பெட்ரோல். கார்புரேட்டருக்குள் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, இக்னிஷன் காயிலின் வயரை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். சித்திரை வெயிலில், நெரிசலில் நின்று கிளம்பும்போது மட்டும் கார் நின்றுபோவது வேப்பர் லாக். குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி பம்பை ஏமாற்றுகிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் சரியாகிவிடும். டாக்ஸிக்காரர்கள் பல பேர் அந்தத் துணியை நிரந்தரமாகவே கட்டிவைத்திருந்தார்கள்.

பழைய அம்பாசிடரின் எஸ்யு கார்புரேட்டர் எளிமையில் ஓர் அற்புதம். ஸ்கின்னர் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வடிவமைத்தது. எஞ்சின் உறிஞ்சும் காற்றுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் மேலேறும். அதில் தொங்கும் கூம்பு ஊசி ஜெட்டின் வாயைத் திறந்துகொடுக்கும். மேலே உள்ள டேம்பரில் எண்ணெய் வற்றினால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கார் முக்கும். சில துளி எண்ணெயில் தீரும் கோளாறு இது. கலவை சரிதானா என்று பார்க்க, ஐட்லிங்கில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் ட்யூனிங் சரி.

ஈயமும் எத்தனாலும்

இந்தக் கார் வடிவமைக்கப்பட்ட காலத்துப் பெட்ரோல் இப்போது பங்க்கில் இல்லை. 2000 பிப்ரவரியிலிருந்து இந்தியா முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். ஈயம் நச்சு, போனது நல்லதே. ஆனால் வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாகக் கடைந்த வால்வு சீட்டுகளுக்கு அது ஒரு மெல்லிய பூச்சுபோல் காப்பாக இருந்தது. அந்தக் காப்பு போனபின், நீண்ட தூரம் வேகமாக ஓட்டும் கார்களில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது. டேப்பட் இடைவெளி குறைகிறது. சத்தம் குறைந்து எஞ்சின் அமைதியாவதைப் பார்த்து உரிமையாளர் சந்தோஷப்படுவார். அந்த அமைதிதான் ஆபத்து. இடைவெளியே இல்லாத வால்வு முழுவதும் மூடாமல் கருகும்.

ஆகவே டேப்பட் சோதனை இன்று முன்னைவிட அவசியம். அளவு 0.015 அங்குலம். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒரு ஒன்பது கணக்கு உண்டு: முழுவதும் அமுங்கி நிற்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவதுதான் அப்போது அளக்க வேண்டிய வால்வு. எட்டாவது திறந்திருந்தால் முதலாவது. ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. எப்போதாவது ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் வளையங்களைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயை ஊதவும் வெடிக்கவும் செய்யும். டேங்கில் படிந்த துருவைக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுவந்து சேர்க்கும். மூல ரப்பர் குழாய்களோடு ஓடும் கார் எதுவாயினும் எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாறுவது கட்டாயம். சூடான எக்ஸாஸ்ட் அருகே ஒழுகும் ஒரு குழாய் காரையே எரித்துவிடும்.

நிறுத்தியே வைத்த கார்

ஓடாத கார்தான் அதிகம் கெடுகிறது. பேட்டரி இறங்கும், பெட்ரோல் பிசினாகும், கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொள்ளும், போட்டபடி விட்ட ஹேண்ட்பிரேக் இறுகிவிடும், எலி வயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது பயன்படாது. எஞ்சின் முழுச் சூடாகாமல் எண்ணெயில் நீர் சேரும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுவதே முறை. ரேடியேட்டருக்கு உப்பு ஏறிய போர்த்தண்ணீர் வேண்டாம். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் போதும். சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பிசுக்கு படிந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

பிரேக்

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் கொண்ட பழைய மாடல்களில் ஒரே ஹைட்ராலிக் சுற்றுதான். எங்கேனும் ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு, மிஞ்சுவது ஹேண்ட்பிரேக். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்முக்குள் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காரைத் தூக்கி நிறுத்தச் செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் உதவாது. அவை சொல்லாமல் நொறுங்கும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவும் கூடாது. ஆக்சில் ஸ்டாண்ட் இல்லாத வீட்டில் வேலை பானெட்டுக்குள் மட்டும் இருக்கட்டும். பெடல் ஒருமுறை தரைவரை போய்விட்டால் காரை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போக வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.