காக்காவின் லாச்சியில் கிடந்த பிளக்பெரி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை காக்காவின் அறைக்குப் பெயின்ட் அடிப்பதற்காகச் சாமான்களை ஒதுக்கினோம். மேசை லாச்சிக்குள் ஒரு பழைய போன் அகப்பட்டது. பிளக்பெரி கேர்வ் 8520. துபாயில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலத்தில் காக்கா பாவித்தது. அடுத்த நாள் அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோய்த் தரம் 10 பிள்ளைகளிடம் காட்டினேன்.

"சேர், இது கெல்குலேட்டரா?" என்று ஒருத்தன் கேட்டான்.

"இல்ல மகன், போன்."

"அப்ப ஏன் சேர் பாதி இடத்துக்கு பட்டன் போட்டு வெச்சிருக்காங்க?"

அநுராதபுரத்தையும் கண்டி இராச்சியத்தையும் படிப்பிக்கிற எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து காக்காவிடமும், இப்படியான போன் பாவித்த நாலைந்து பேரிடமும் விசாரித்தேன். அவர்கள் சொன்னதையும் இந்தப் போனின் வரலாற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

*

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாட்டர்லூ என்றொரு பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. 1984 இல் மைக் லசாரிடிஸ், டக்ளஸ் ஃபிரெகின் என்ற இரு இளைஞர்கள் அங்கே 'ரிசர்ச் இன் மோஷன்' என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். லசாரிடிஸ் இஸ்தான்புல்லில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து, சின்ன வயதிலேயே கனடாவுக்குப் போனவர். 1992 இல் ஜிம் பால்சிலி வந்து சேர்ந்து வியாபாரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்துப் பேஜரில் செய்தி வரும், ஆனால் பதில் எழுத முடியாது. பதிலும் எழுதக்கூடிய பேஜரை இவர்கள் 1996 இல் வெளியிட்டார்கள். அதோடு பெரிய சிக்கல் ஒன்று வந்தது. டைப்ரைட்டர் விசைப்பலகை பத்து விரலுக்குச் செய்யப்பட்டது. அதை உள்ளங்கையில் அடங்கும் பொருளில் எப்படி வைப்பது? போனை இரண்டு கையாலும் பிடித்தால் சும்மா இருப்பது இரண்டு கட்டைவிரல்கள்தான் என்று கண்டுபிடித்தார்கள். விசைகளைச் சின்னதாக்கி, கட்டைவிரல் வருகிற பக்கத்துக்குச் சாய்த்து வைத்தார்கள். 1999 ஜனவரியில் பிளக்பெரி 850 வந்தது. அதற்குச் சாஜர்கூடத் தேவையில்லை, ஒரு சாதாரண ஏஏ பெட்டரி போதும். அதில் பேச முடியாது, மின்னஞ்சல் வாசிக்கலாம், எழுதலாம். சின்னச் சின்ன விசைகள் பழத்தின் மணிகள் போல இருந்ததால் அதற்குப் பழத்தின் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

பிள்ளையின் கேள்விக்கு முதல் பதில் இதுதான். இது எழுதுவதற்காகப் பிறந்த பொருள். பேச்சு, பாட்டு, படம் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

2001 செப்டெம்பர் 11 அன்று நியூயோர்க்கில் தொலைபேசி அழைப்புகள் நெரிசலில் சிக்கிக்கொண்டபோது, பேஜர் வலையமைப்பில் ஓடிய பிளக்பெரிச் செய்திகள் பலருக்குப் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு அரசாங்க அதிகாரிகளும் வங்கிக்காரர்களும் சட்டத்தரணிகளும் இதை விடவே இல்லை. 2009 இல் ஜனாதிபதியான ஒபாமா தன்னுடைய பிளக்பெரியை வைத்துக்கொள்வதற்குப் பாதுகாப்பு அதிகாரிகளோடு வாதாட வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசையிலும் அதைத் தட்டிக்கொண்டே இருக்கிற ஆட்களுக்காக, போதைப்பொருளின் பெயரோடு சேர்த்து 'க்ரக்பெரி' என்றொரு சொல் பிறந்தது. 2006 இல் ஒரு அமெரிக்க அகராதி அதை அந்த வருடத்தின் சொல்லாகத் தெரிவுசெய்தது.

விலை குறைந்த கேர்வ் வரிசை வந்த பிறகு இது அதிகாரிமாரின் கையிலிருந்து இறங்கி, காக்கா போன்றவர்களின் கைக்கும் வந்தது. வளைகுடா நாடுகளில் பிபிஎம் என்ற அதன் செய்திச் சேவை எவ்வளவு பரவியிருந்ததென்றால், மறையாக்கம் செய்த செய்திகள் நாட்டுக்கு வெளியே போகின்றன என்று சொல்லி, 2010 ஒக்டோபர் 11 முதல் சேவையை நிறுத்தப் போவதாக ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. கடைசி நேரத்தில் பிரச்சினை தீர்ந்தது. "அந்த ரெண்டு மாசமும் ரூமில வேற கத இல்ல" என்று காக்கா இப்பவும் சொல்வார்.

*

இனிப் பாவித்தவர்கள் சொன்னதைப் பார்ப்போம்.

எல்லோரும் முதலில் சொன்னது ஒன்றுதான்: பார்க்காமலே எழுதலாம். காக்கா போனைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு என் பெயரை எழுதிக் காட்டினார். பத்து வருடத்துக்கு மேல் தொடவில்லை, ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. ஒவ்வொரு விசைக்கும் விளிம்பு இருக்கிறது. அது அமுங்கியதைத் திரை சொல்ல முதல் விரல் சொல்லிவிடும். "கார்ட்டனை எண்ணிக்கிட்டே ஒரு கையால ஒபிசுக்கு மெயில் போடுவன்" என்றார்.

இரண்டாவது, எழுதும்போது திரை முழுவதும் நமக்கே கிடைக்கும். இன்றைய போனில் எழுதத் தொடங்கினால் விசைப்பலகை எழும்பி வந்து பாதித் திரையை மூடிவிடுகிறது.

மூன்றாவது, குறுக்குவழிகள். மின்னஞ்சல் பட்டியலில் 'டி' ஐ அமத்தினால் உச்சிக்கும் 'பி' ஐ அமத்தினால் அடிக்கும் போகும். கடிதத்தைத் திறந்து 'ஆர்' ஐ அமத்தினால் பதில் எழுதலாம். இடைவெளி விசையை இரண்டு முறை தட்டினால் முற்றுப்புள்ளி தானாக விழும், அடுத்த எழுத்து பெரிய எழுத்தாக வரும். பழகியவர்களுக்கு இது கைவேலை தெரிந்த தையல்காரரின் மிஷின் மாதிரி.

நான்காவது, மூடியைத் திறந்து பெட்டரியை நாமே மாற்றலாம்.

மூலையில் மினுங்கும் சிவப்பு வெளிச்சத்தைப் பற்றி மட்டும் இரண்டு கருத்து. செய்தி வந்தால் அது மினுங்கும். போனைத் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம் என்று ஒருவர் புகழ்ந்தார். "அந்த வெளிச்சம் என்ன நிம்மதியா தூங்க விடல்ல" என்றார் இன்னொருவர்.

குறைகளையும் மறைக்காமல் சொன்னார்கள். திரை தீப்பெட்டி அளவு. 8520 இல் 3ஜி கிடையாது, ஒரு இணையப் பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். படம் மங்கல். புதிய செயலிகள் வரவில்லை. 2017 டிசம்பர் 31 உடன் வாட்ஸ்அப்பும் பிளக்பெரியின் சொந்த இயங்குதளங்களைக் கைவிட்டது. குடும்பமே வாட்ஸ்அப்பில் இருக்கும்போது ஒருவர் மட்டும் வெளியே நிற்க முடியுமா? நொக்கியா ஈ63 பாவித்த என் சக ஆசிரியர் ஒருவர் சரியாகச் சொன்னார்: "எழுதுறதுக்கு அத மிஞ்ச ஒண்டுமில்ல. ஆனா இப்ப ஆரு எழுதுறாங்க? எல்லாரும் பாக்குறாங்க."

"பட்டன் போனில்தான் வேகமாக எழுதலாம்" என்பதை மட்டும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். 2019 இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து சுமார் 37,000 பேரைச் சோதித்தார்கள். தொடுதிரையில் இரண்டு கட்டைவிரலால் எழுதுபவர்கள் நிமிடத்துக்குச் சராசரியாக 38 சொற்கள் எழுதினார்கள். இளம் பிள்ளைகள் அதைவிடவும் வேகம். நம்முடைய பிள்ளைகளின் விரலைப் பார்த்தால் தெரியும். அப்படியானால் காக்காமார் இழந்ததாகச் சொல்வது வேகத்தை அல்ல, விரலுக்கு இருந்த நிச்சயத்தை.

*

பிறகு ஏன் இது அழிந்தது?

2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை அறிமுகம் செய்தபோது, பிளக்பெரி உட்பட நாலு போன்களைத் திரையில் காட்டி ஒரு வாதம் வைத்தார். பிளாஸ்டிக் விசைகள் தேவைப்பட்டாலும் இல்லாவிட்டாலும் அங்கேயே கிடக்கும். விற்ற பிறகு புதிய யோசனை வந்தால் ஒரு பட்டனைக்கூட மாற்ற முடியாது. கண்ணாடியோ ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு முகம் காட்டும் என்றார்.

பிளக்பெரிக் கம்பனியும் பயந்து 2008 இல் 'ஸ்டோர்ம்' என்று விசையில்லாத போன் ஒன்றை வெளியிட்டது. திரை முழுவதும் ஒரே பட்டனாக அமுங்கும். வாங்கிய பலர் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் 2012 இல் பாவனையாளர்கள் சுமார் 80 மில்லியன். விழுந்தது அதற்குப் பிறகுதான். 2013 இல் கியூ10, 2014 இல் சதுரத் திரையோடு பாஸ்போர்ட், 2015 இல் அண்ட்ரொயிட்டில் ஓடும் பிரிவ் என்று விசைகளோடு திரும்பத் திரும்ப வந்தார்கள். பாஸ்போர்ட்டில் விசைகளின் மேல் விரலைத் தடவினால் பக்கம் நகரும். கைக்கு அவ்வளவு சுகம். ஆனால் சந்தை போய்விட்டது. 2016 இல் தாங்களே போன் தயாரிப்பதை நிறுத்தினார்கள். சீனாவின் டிசிஎல் கம்பனி அதே பெயரில் கீவன், கீ2 என்று விசைப் போன்களைச் செய்து, 2020 ஓகஸ்ட்டோடு விற்பனையை நிறுத்திக்கொண்டது.

கடைசி அடி 2022 ஜனவரி 4 அன்று விழுந்தது. பழைய பிளக்பெரி இயங்குதளங்களுக்குப் பின்னால் இருந்த சேவைகளைக் கம்பனி நிறுத்தியது. அன்றிலிருந்து இந்தப் போன்களில் அழைப்பும் குறுஞ்செய்தியும்கூட நம்பகமாக இயங்காது என்று அறிவித்தார்கள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உம்மாவின் பழைய சிங்கர் மிஷின் இன்றும் தைக்கிறது. அது எங்கேயோ இருக்கிற ஒரு கட்டடத்திடம் அனுமதி கேட்பதில்லை. விசை தேயாத, திரை உடையாத போனுக்கோ உயிர் நம் கையில் இல்லை. 2011 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஸ்லோ நகரத் தரவு நிலையத்தில் ஒரு கருவி பழுதாகி, பல கண்டங்களில் இருந்த பிளக்பெரிகள் நாட்கணக்காகச் செய்தியில்லாமல் நின்றன. அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

*

நம் பக்கத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. காக்காவின் போனில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. அந்த விசைகளில் இருப்பது ஆங்கிலத்தின் 26 எழுத்து. நம்முடையது 247. டைப்ரைட்டர் காலத்திலும் இதே சிக்கல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் தொழில் பார்த்த ஆர். முத்தையா, கொம்பையும் காலையும் தனி விசைகளாகப் பிரித்து அடுக்கித்தான் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். ஆனால் உள்ளங்கைப் போனுக்குத் தமிழ் விசை செய்து எங்கள் கையில் யாரும் தரவில்லை. அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினோம். அதில் பள்ளியும் பல்லியும் ஒன்று, வலியும் வழியும் ஒன்று. "வலி இருக்கா?" என்று உம்மாவைப் பற்றி காக்கா கேட்டதை நான் வேறு மாதிரி விளங்கி, "இருக்கி, பின் வளவால வரலாம்" என்று பதில் எழுதியிருக்கிறேன்.

கண்ணாடித் திரை வந்த பிறகுதான் உம்மாமார்கூடப் போனில் தமிழில் எழுதத் தொடங்கினார்கள். ஜொப்ஸ் சொன்ன வாதம் யாருக்குச் சரியோ இல்லையோ, தமிழுக்குச் சரியாகிப்போனது. ஆகவே பழைய விசைகளுக்காக ஏங்கும் காக்காவின் கருத்தில் நான் பாதிக்குத்தான் கையொப்பமிடுவேன்.

*

இவ்வளவும் எழுதியதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது.

லாச்சியில் கிடந்த போனின் பெட்டரி ஊதியிருந்தது. அதைச் சாஜ் பண்ணவில்லை. டவுனில் வேறொரு பெட்டரி தேடி வாங்கிப் போட்டோம். போன் உயிர்த்தது. பிபிஎம் சேவை 2019 மே 31 உடன் மூடப்பட்டது, அதைத் தேடவில்லை. குறுஞ்செய்திகள் போனுக்குள்ளேயே இருந்தன. 2012 இல் வாப்பா நோயாகக் கிடந்த மாதங்களில் காக்கா எனக்கு எழுதியதும், நான் அவருக்கு எழுதியதும் அப்படியே இருந்தது. என்னுடைய அந்தக் காலப் போன் எங்கே போனதென்று எனக்கே தெரியாது.

என் பதில்கள் எல்லாம் ஒரு வரி, அரை வரி. காக்காவுடையவை ஒவ்வொன்றும் கடிதம். விசைகள் இருந்ததால் அவருக்கு எழுதக் கை வந்தது. எந்த மருந்து எத்தனை மணிக்கு, டொக்டரிடம் என்ன கேட்க வேண்டும், லோன் காசு எப்போது வரும், வாப்பாவுக்குப் பிடித்த மீன் எது என்றெல்லாம் எழுதியிருந்தார். மூன்று இரவு இருந்து, ஒரு சீ.ஆர். கொப்பியில் எல்லாவற்றையும் தமிழில் பெயர்த்து எழுதினேன். வலி எது, வழி எது என்று சந்தேகம் வந்த இடங்களில் காக்காவைக் கேட்டுத் திருத்தினேன்.

உங்கள் வீட்டு லாச்சியிலும் ஒரு பழைய போன் கிடக்கலாம். பெட்டரி ஊதியிருந்தால் தயவுசெய்து சாஜ் போட வேண்டாம், வேறு பெட்டரி தேடுங்கள். திறந்தால் முதலில் செய்திகளைப் பாருங்கள். முக்கியமானதைக் கொப்பியில் எழுதுங்கள், அல்லது புதிய போனால் திரையைப் படம் பிடியுங்கள். தேசத்தின் வரலாற்றைச் சுவடிக்கூடம் காப்பாற்றும். நம் வீட்டு வரலாற்றைக் காப்பாற்ற வேறு ஆள் வரமாட்டார்.

கொப்பியில் கடைசியாக எழுதிய செய்தி இது. வாப்பா மௌத்தாவதற்கு இரண்டு நாள் முந்தி, லீவு கிடைக்காமல் துபாயில் நின்ற காக்கா அனுப்பியது:

"தம்பி, வாப்பாட கால அமுக்கி விடு. நான் அமுக்குற மாதிரி நெனச்சிக்கோ."

அதற்கு நான் அனுப்பிய பதில் ஒரே சொல்: "சரி."